பேசிக்கொண்டே மிதிக்க வேண்டும்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சைக்கிள் அறையில் வேலைக்குச் சேர்ந்து, அதே அறையிலிருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவள் நான். ஊரில் பாதிப் பெரியவர்களின் முழங்காலும் மூச்சும் எனக்கு அத்துப்படி. ஆனால் ரோட்டில் ஓடுகிற சைக்கிளை என் கையில் கொடுத்தால் தள்ளிக்கொண்டுதான் போவேன். சின்னாளபட்டியில் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒரு முறை ஏறி, நேராகப் போய் ஒரு சாயத் தொட்டிக்குள் விழுந்தேன். எழுந்தபோது பாதி உடம்பு நீலம். அதோடு அந்த ஆசை விட்டுப்போயிற்று.

எங்கள் அறையில் இருந்தவை நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிள்கள். அதனால் என் குட்டு கடைசிவரை வெளிப்படவில்லை.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா போன மாதம் போன் செய்தாள். புது சைக்கிள்கள் வந்திருக்கின்றனவாம். முன்னால் பெரிய திரை. மிதிக்க மிதிக்க அதில் பனி மலையும் பாதையும் வருமாம். எவ்வளவு பலத்தில் மிதிக்கிறோம், இன்னும் எவ்வளவு தாங்குவோம் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். "அக்கா, இதெல்லாம் இல்லாம நீங்க எப்படித்தான் டெஸ்ட் எடுத்தீங்க? ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லுங்க. வர முடியலைன்னா எழுதியாவது குடுங்க" என்றாள். நேரில் போனால் புது சைக்கிளில் ஏறச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. மதுரையில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்தது, ஒரு முறை எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தபடி திருமங்கலம் வரை போய்விட்டது. அவ்வளவுதான். வேலை கற்றது டாக்டர் ஞானத்திடம்.

ஆரம்பத்தில் நெஞ்சுவலி வந்து தேறியவர்களுக்கு மட்டும்தான் சைக்கிள் அறை. பிறகு ஊரில் ஒரு புது வழக்கம் கிளம்பியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் அப்பாவுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுப்பார்கள். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாலு பேரோடு வத்தலக்குண்டு ரோட்டில் கிளம்புவார். ஆடிக் காற்று எதிரே நின்று தள்ளும். இளசுகள் முந்திப் போவார்கள், இவருக்கு ரோஷம் வரும். திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கட்டி நிற்பார்கள். இரண்டு வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். அறுபது தாண்டிய யாரும் நெடுந்தூரம் போவதற்கு முன்னால் சில வாரம் எங்கள் அறையில் படிப்படியாகப் பழக வேண்டும். பழகுவதற்கு முன்னும் பின்னும் ஒரு டெஸ்ட். ஊரில் இருந்த சைக்கிள் குழுக்களும் அதை ஒப்புக்கொண்டன. எங்களிடம் தேறாதவரை அவர்கள் கூட்டிப் போக மாட்டார்கள்.

டெஸ்ட் என்று சொன்னதில்தான் முதல் தகராறு. நம் ஊரில் டெஸ்ட் என்றால் வெறும் வயிறு. ரத்தம் கொடுக்கப் போவது போலப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த நிலையில் ஏற்றி மிதிக்க விட்டால் அங்கேயே சாய்ந்துவிடுவார்கள். "இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று நான் தொண்டை வற்றச் சொல்வேன். வீட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். "ஆஸ்பத்திரியில தெரியாம சொல்லியிருப்பாக, எதுக்கும் சாப்பிடாமலே போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் அலமாரியில் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வைத்தேன். பல பேர் டெஸ்டை மறந்தார்கள், பன்னை மறக்கவில்லை.

உடை அடுத்த தகராறு. கைலியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பெண்கள் விஷயத்தில் அப்படி முடியவில்லை. சேவுகம்பட்டியிலிருந்து நெஞ்சுவலி வந்து தேறிய ஒரு தோட்டக்காரம்மா வந்தார், பெயர் பாப்பாத்தி. அறுபத்தைந்து வயதில் முதல் முறையாக சைக்கிள் மிதிக்கப் போகிறார். மகளின் சுடிதார் பேண்டை உள்ளே போட்டு, மேலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிட்டத்தில் வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது எங்கிட்டும் போயிராதுல்ல?"

"போகாதும்மா. இங்கேயே நிக்கும்."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்காரரு சைக்கிளு மாதிரி கீழ தள்ளிறப் போகுதுன்னு பாத்தேன்."

ஏறி உட்கார்ந்தவர் இறங்க மறுத்துவிட்டார். வாசலில் காத்திருந்த கணவர் எட்டிப் பார்த்தபோது, "இம்புட்டு நேரத்துக்கு நான் ஊருக்கே போயிச் சேந்திருப்பேன், நீங்க பஸ்ஸுல வாங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அதுவே சிரிப்பு.

இனி டெஸ்ட் எப்படி எடுப்போம் என்று சொல்கிறேன். பவித்ரா, இந்தப் பகுதியை இரண்டு முறை படி. முதலில் இருக்கையின் உயரம். பெடல் அடிக்கு வந்து குதிகால் அதில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். உயரம் தப்பினால் முழங்கால் முதலில் களைத்துவிடும், இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மார்பில் வயர்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை. முதல் மூன்று நிமிடம் சுமை, அதாவது பெடலில் இறுக்கம், இல்லாமல். அப்புறம் மூன்று நிமிடத்துக்கு ஒரு படியாகச் சுமையை ஏற்றுவோம். மேசை மேல் தாளக் கருவி ஒன்று டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் வேகம் மாறாமல் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு படியின் முடிவிலும் ரத்த அழுத்தம், நாடி, ஈசிஜி. எக்காரணம் கொண்டும் சட்டென்று நிறுத்தி இறக்கக் கூடாது. சுமையை எடுத்துவிட்டு செத்த நேரம் சும்மா மிதிக்க விட வேண்டும். மிதித்த காலில் ரத்தம் தங்கிக்கொண்டால் தலை சுற்றி விழுவார்கள்.

இதெல்லாம் இயந்திரம் செய்யும். இயந்திரம் செய்யாதது ஒன்று உண்டு. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று மிதிப்பவரையே கேட்க வேண்டும். அதற்கு ஒரு அட்டை, வெளிநாட்டில் செய்தது, சுவரில் மாட்டியிருக்கும். மிக லேசு என்பதில் ஆரம்பித்து இனிமேல் முடியாது என்பது வரை எண்கள். வெள்ளைக்காரர்கள் எண்ணைச் சொல்வார்கள் போல. நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். வேர்த்து ஊற்றும், கழுத்து நரம்பு புடைக்கும், கேட்டால் "பரவாயில்ல" என்பார்கள். இன்னும் ஒரு படி ஏற்றிக் கேட்டால் "இருக்கட்டும்". ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால் முடியவில்லை என்று சொல்ல எந்த மீசைக்காரருக்கு மனசு வரும்? பெண்கள் மட்டும் உண்மை சொன்னார்களா? இல்லை. நான் வருத்தப்படுவேனே என்று "லேசாத்தான் இருக்கு கண்ணு" என்பார்கள். மொத்தத்தில் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் எதுவும் கஷ்டமாக இல்லை.

டாக்டர் ஞானம் அந்த அட்டையைக் கழற்றவில்லை. சுவரில் அழுக்கை மறைக்கிறது என்று விட்டுவைத்தார். அதற்குப் பதிலாகப் பேச வைத்தார்.

அவரைப் பற்றிச் செத்த நேரம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. புது முறை எதைக் கொண்டுவந்தாலும் முதலில் தானே ஏறி மிதிப்பார், நாங்கள் அவரைச் சோதிக்க வேண்டும். தப்புச் செய்தால் மிதித்துக்கொண்டே, "மல்லிகா, இப்ப நான் செத்துப் போயிருப்பேன். மறுபடி ஆரம்பி" என்பார். டெஸ்ட் நடக்கும்போது திரையைப் பார்க்க மாட்டார், ஆளைப் பார்ப்பார். திரையைப் பார்க்க மல்லிகா இருக்கிறாள் என்பார். நல்ல சேதியை நின்றுகொண்டு சொல்வார். கெட்ட சேதி என்றால் மூலையில் கிடக்கும் குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியை விடத் தாழ்வாக உட்கார்ந்துகொண்டு சொல்வார். இது நாளாவட்டத்தில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. தெரியாத்தனமாக அவர் ஸ்டூல் பக்கம் நகர்ந்தாலே, "டாக்டர், நின்னுக்கிட்டே சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிடுவார்கள்.

அவருடைய கணக்கு எளிமையானது. மிதிக்கும்போது ஒருவரால் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்தச் சுமை அவருக்குத் தாங்கும். இரண்டு இரண்டு வார்த்தையாக உடைந்தால் எல்லை நெருங்கிவிட்டது. பதில் வராமல் தலை மட்டும் ஆடினால் போதும், இறக்கு. ஆளுக்கு ஏற்ற கேள்வியைப் பிடிப்பதுதான் என் வேலை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரியிடம் தக்காளி ஏன் விலை இறங்கியது என்று கேட்டேன். "ஏனுங்க, அதை ஏனுங்க கேக்கறீங்க" என்று ஆரம்பித்தவர் நாலு படி ஏறும்வரை நிறுத்தவில்லை. பாப்பாத்தி அம்மாவுக்கு மருமகள் என்ற ஒரு வார்த்தை போதும்.

இந்தப் பேச வைக்கும் முறை எங்களை ஒரே ஒருவரிடம் திணற வைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஊரில் இருந்த குழுக்களில் ஒன்றுக்கு சூசை என்பவர் தலைவர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், வாய் ஓயாது. அவருடைய உயிர் நண்பர் காதர் பாய், பேகம்பூரில் தையல் கடை. இவர் வாயே திறக்க மாட்டார். சூசை பத்து வார்த்தை பேசினால் பாய் ஒரு முறை தலையாட்டுவார். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. வருஷா வருஷம் புரட்டாசியில், வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு, இவர்கள் குழு கடற்கரைக்கு சைக்கிளில் போகும். சூசைக்கு வேளாங்கண்ணி மாதா. பாய்க்கு நாகூர் தர்கா. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால் வழி ஒன்றுதான். வழியில் எங்கே பரோட்டா நன்றாக இருக்கும், எந்த ஊர்ச் சத்திரத்தில் கொசு அதிகம் என்பதெல்லாம் எனக்கே மனப்பாடம்.

நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தைய வருஷம் சூசைக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வருஷம் அவர் போகவில்லை. பாயும் போகவில்லை. குழுவில் எவ்வளவு கூப்பிட்டும், "சூசை வரட்டும்" என்ற இரண்டே வார்த்தைதான் அவர் பதில். அதனால் இந்த வருஷம் சூசை தேறுவாரா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. தேறினால் இருவரும் போகலாம். தேறாவிட்டால் இருவருமே இல்லை. ஆனி மாதத்திலேயே வந்து சேர்ந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், பக்கத்துப் பக்கத்து சைக்கிளில், முதலில் லேசாக, போகப் போக நடுநடுவே கொஞ்சம் சுமை ஏற்றி இறக்கி. சூசையின் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் கவனித்தோம். பாயைப் பற்றி யாருக்கும் ஐயமே இல்லை, அவருடைய முதல் டெஸ்டைக்கூட லேசான சுமையோடு முடித்துவிட்டோம். காலம் பூராவும் தையல் மிஷினை மிதித்த கால்கள் அவை. கெண்டைக்கால் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும்.

கடைசி டெஸ்ட் நாள் வந்தது. சூசை முதலில் ஏறினார். டாக்டர் கேள்வியே கேட்கவில்லை. ஒரு படி, இரண்டு படி என்று ஏற ஏற சூசை ஒரு பழைய டிரைவரின் கதையைச் சொன்னார், அதில் வந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தனிக் குரல் கொடுத்தார். ஈசிஜி சுத்தம். டாக்டர் நின்றபடியே, "போயிட்டு வாங்க, ஆனா ஒரு நாளைக்கு ஓட்டுற தூரத்தைக் குறைச்சுக்கங்க" என்றார். சூசை சிலுவை போட்டுக்கொண்டு, "பாய், டிக்கெட் கிழிச்சாச்சு!" என்று கத்தினார். பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். முகம் பூராவும் சிரித்தது.

அடுத்து பாய் முறை. சூசை வெளியே போகவில்லை. பக்கத்து சைக்கிளில் உட்கார்ந்து ஒப்புக்கு மிதித்துக்கொண்டிருந்தார். நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. நோயாளியிடம் கேள்வி கேட்டால் கூட வந்தவர்தான் பதில் சொல்வார். மகனுக்கு அம்மா, மனைவிக்குக் கணவன், மாமியாருக்கு மருமகள். கேட்கப்பட்டவர் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் போல வேடிக்கை பார்ப்பார். பாய் விஷயத்தில் வாழ்நாள் முழுக்க அந்தப் பொறுப்பு சூசையுடையது.

முதல் படி. "பாய், எப்படி இருக்கு?" என்றேன்.

"அவருக்கென்ன சிஸ்டர், வண்டி ஓடுது பாருங்க" என்றார் சூசை.

இரண்டாவது படி. "பாய், கடையில என்ன வேலை ஓடுது?"

"ஸ்கூல் யூனிபாரம் சிஸ்டர். ஆனியில குடுத்திருக்கணும், ஆடி பொறந்துருச்சு, இன்னும் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்காரு. என்ன பாய்?"

பாய் தலையாட்டினார். நாடி ஒழுங்காக இருந்தது. ரத்த அழுத்தம் ஏற வேண்டிய அளவுக்கு ஏறியிருந்தது. மூன்றாவது படிக்குச் சுமையை ஏற்றினேன். தாளம் தப்பாமல் கால்கள் சுற்றின. நெற்றியில் வேர்வை. ஆடி மாதத்திலும் அந்த அறையில் யாருக்குத்தான் வேர்க்காது?

பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், திரும்பாமலே, "சூசை, கீழே கான்டீன்ல எனக்கு ஒரு டீ சொல்லிட்டு வாங்க" என்றார்.

"போன் பண்ணிச் சொல்லிருவமா டாக்டர்?"

"நீங்க போய்ச் சொன்னாத்தான் சர்க்கரை கம்மியாப் போடுவான்."

சூசை இறங்கிப் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாளக் கருவியின் சத்தமும் சக்கரத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. அப்போதுதான் இன்னொரு சத்தமும் இருப்பது எனக்குக் காதில் விழுந்தது. பாயின் மூச்சு. அவ்வளவு நேரமும் சூசையின் பேச்சுக்கு அடியில் அது கிடந்திருக்கிறது.

"பாய், எனக்கு ஒரு ஜிப்பா தைக்கணும்" என்றார் டாக்டர். "எங்கெங்க அளவு எடுப்பீங்க? வரிசையாச் சொல்லுங்க."

தொழிலைப் பற்றிக் கேட்டால் பாயால் சும்மா இருக்க முடியாது. "தோளு..." என்றார். ஒரு மூச்சு. "கை... நீளம்..." இன்னொரு மூச்சு. "நெஞ்சு..." என்றவர் அதற்கு மேல் சொல்லவில்லை. இடது கை கைப்பிடியை விட்டு மேலே வந்து தாடைக்கு அடியில் ஒரு கணம் நின்றது. வேர்வையைத் துடைப்பது போலத் திரும்பக் கீழே போயிற்று. அதே நேரத்தில் திரையில் ஈசிஜி கோடு தாழத் தொடங்கியது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் அது. நான் "டாக்டர்" என்றேன். அவர் சொல்வதற்கு முன்பே என் கை சுமையை எடுத்திருந்தது.

"நிறுத்தாதீங்க பாய், சும்மா மிதிங்க, லேசா" என்று டாக்டர் அவர் முதுகில் கை வைத்தார். மெல்ல மெல்லக் கோடு பழைய இடத்துக்கு வந்தது. இறக்கிப் படுக்க வைத்தோம். நாக்குக்கு அடியில் மாத்திரை. பிறகு டாக்டர் மூலைக்குப் போனார். ஸ்டூல் தரையில் உரசிய சத்தம் கேட்டதும் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்புட்டு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"ரமலானுக்கு முன்னாடி இருந்து." பாயின் குரலை அன்றுதான் நான் ஒழுங்காகக் கேட்டேன், நல்ல மென்மையான குரல். "ஏறு ரோட்டுல மட்டும் தாடையில பிடிக்கும். நின்னா விட்டுரும்."

"ஏன் பாய் சொல்லல?"

"சூசை போன வருசமே போகல டாக்டர். மாதாவுக்கு நேந்துக்கிட்டு ஆசையா இருக்கான். நான் இப்படின்னு சொன்னா அவனும் போக மாட்டான். எப்படியும் ஓட்டிருவேன்னு பாத்தேன்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே அடைப்பு இருக்கலாம், நாளைக்கே மதுரைக்குப் போய் என்ன பார்க்க வேண்டும், சரி செய்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில்தான், "இந்த வருசம் நெடுந்தூரம் வேண்டாம் பாய்" என்றார். பாய் சரி என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது, அந்தப் பரவாயில்லை என்ற ஒரு வார்த்தை மேல். இவரோ அதைக்கூட வாய் திறந்து சொல்லவில்லையே.

சூசை டீயோடு உள்ளே வந்தார். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். டீ டம்ளரைப் பார்க்காமலே என் மேசை மேல் வைத்ததில் பாதி என் தாளக் கருவி மேல் கொட்டியது. அவர் அப்போது பேசிய பேச்சை அப்படியே எழுத முடியாது. கண்டக்டர் வேலையில் கற்ற வசவு அத்தனையும் வந்தது. எல்லாம் பாய்க்குத்தான். "நாப்பது வருசமா கூடவே வாரேன், எங்கிட்ட மறைச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனா?" என்று சொல்லி, பாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் மதுரைக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். ஒரு அடைப்பு. பாய்க்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். "ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே சாமான் மாட்டியிருக்கு சிஸ்டர், பார்ட்ஸ் மாத்தி மாத்திப் போட்டுக்கிடலாம்" என்று சூசை என்னிடம் வந்து சொன்னபோது பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது. ஆனால் யாத்திரைப் பேச்சை எடுத்தால் முகம் திரும்பிவிடும். பாய் இல்லாமல் போவதில்லை என்று ஒரே பிடி. குழுவினர் சொன்னார்கள், டாக்டர் சொன்னார், பங்குச் சாமியார்கூட ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

பாய் மாத்திரைகளோடு தேறி, ஆவணியில் எங்கள் அறைக்குத் திரும்பியபோது சூசையும் கூடவே வந்தார். கூட வந்தவர்கள் கதவுக்கு வெளியேதான் உட்கார வேண்டும் என்று டாக்டர் அதற்குள் புது விதி போட்டிருந்தார். வாசல் பெஞ்சில் வைத்துத்தான் பாய் அவரிடம் பேசினார். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன், எனக்கு வெட்கமில்லை.

"ஏலே சூசை, போன வருசம் நீ இல்லைன்னு நான் போகல. இந்த வருசம் நான் இல்லைன்னு நீ போகலைன்னா, அங்கிட்டு நம்மளை மறந்தே போவாக. ஒருத்தராவது போயித் தலையைக் காட்டணும்ல?"

அவ்வளவு நீளமாக அவர் பேசி சூசையே கேட்டதில்லை போலிருக்கிறது. சடக்கென்று எழுந்து போய்விட்டார். புரட்டாசியில் குழு கிளம்பியபோது சூசை முன்னால் போனார்.

பாய்க்கு அந்த நாட்களில் எங்கள் அறைதான் ரோடு. டாக்டர் எழுதிக் கொடுத்த லேசான சுமையில், காலையில் வந்து மிதிப்பார். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை, அல்லது தலையாட்டல். உடம்பு தேறியிருந்தது, மனசு தேறவில்லை. சுமையை ஒரு படி ஏற்றலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார், ஒரே நிபந்தனை, பழைய சுமையில் அவர் முழுசாக, உடையாமல் பேச வேண்டும். பேசாத மனிதரிடம் அதை எப்படிப் பார்ப்பது? தக்காளி கேட்டேன், அரசியல் கேட்டேன், ஜிப்பா கேட்டேன். ஜிப்பா என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் படியிலேயே நாட்கள் ஓடின.

ஒரு நாள் காலை மிதித்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. சூசை. சைக்கிளிலிருந்து கையை எடுக்க வேண்டாம் என்று நானே வாங்கி, சத்தமாக வைத்துப் பிடித்தேன். பின்னால் பஸ் ஹாரன், காற்றுச் சத்தம்.

"பாய், நாகப்பட்டினத்துல நிக்கிறேன்."

நாகப்பட்டினத்தில் பாதை பிரியும். தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர். வழக்கமாக அங்கே ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் போய், மறுநாள் அதே இடத்தில் சேர்ந்துகொள்வார்களாம்.

"மத்தவுக எல்லாம் தெக்க திரும்பிட்டாக. நான் வடக்க திரும்பிட்டேன்" என்றார் சூசை.

பாயின் கால் ஒரு சுற்று தடுமாறி, மறுபடி தாளத்தில் சேர்ந்தது. "ஏலே, உன் நேர்ச்சை என்னாகுறது?"

"நாளைக்குப் போறேன். மாதா எங்க போயிறப் போகுது? பெத்தவளுக்குப் பிள்ளை லேட்டா வந்தா கோவம் வராது. நீ சொல்லு, உள்ள போயி நான் என்ன செய்யணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல."

பாய்க்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. பேச ஆரம்பித்தார். "கேளு. மொதல்ல கைகால் முகத்தைக் கழுவிக்க. தலையில கைக்குட்டையை இறுக்கிக் கட்டு, காத்துக்குப் பறந்துரும், பின்னாடி முடிச்சுப் போடு. வாசல்ல பூவும் சீனியும் வாங்கிக்க, முதக் கடையில வாங்காத, உள்ள தள்ளி ஒரு வயசானவரு இருப்பாரு, அவருகிட்ட வாங்கு, நான் வரலையான்னு கேப்பாரு, நல்லாருக்கேன்னு சொல்லு. உள்ள போயி அவசரப்படாத, ஓதுறவரு கேட்டா யாரு பேருக்குன்னு சொல்லு, என் பேரச் சொல்லி உன் பேரையும் சேத்துச் சொல்லு, ரெண்டும் சேத்துத்தான் சொல்லணும், அப்புறம் அந்தச் சீனியில பாதியை அங்கன நிக்கிற பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு மீதியை..."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சுமையை ஒரு படி ஏற்றினேன். அவர் கவனிக்கவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தார்.